78 கார்டு, ஒரு கையெழுத்து

ராமநாதபுரம் கடற்கரையில், பாம்பனுக்குப் பக்கத்து மீனவ ஊரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். கூடவே ஓவியங்களும் அவற்றை வைக்கும் பெட்டியும் இருக்கும் பதினொரு போட்டோ, வாங்க வந்தவர் அனுப்பிய ஒரு பக்க ஒப்பந்தத்தின் நகல். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருக்கு வயது 34. கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். இவர் தனியார் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை. பிள்ளைகள் தூங்கியபிறகு இரவில் உட்கார்ந்து, மூன்று வருடத்தில், குறி பார்க்கப் பயன்படும் படச் சீட்டுக்கட்டான டாரட்டின் 78 கார்டையும் கையாலேயே வரைந்து முடித்திருக்கிறார். டாரட்டின் நான்கு வகைச் சின்னங்களில் கோப்பைக்குப் பதில் சங்கு, கோலுக்குப் பதில் துடுப்பு, வாளுக்குப் பதில் மீன் அரிகிற கத்தி, காசுக்குப் பதில் வலையில் கோக்கிற ஈயக்குண்டு. நிலா கார்டில் ஆவுளியா (கடல்பசு) நீந்துகிறது. சிங்கத்தின் வாயைப் பிடிக்கும் பெண் இருக்க வேண்டிய வலிமை கார்டில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பாசி எடுக்கும் ஓர் அக்கா. இடி விழுந்து சரியும் கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் தனுஷ்கோடி தேவாலயத்தின் இடிந்த சுவர். 1964 டிசம்பரில் அடித்த அந்தப் புயலிலிருந்து உயிரோடு வந்தவர் இவருடைய அப்பத்தா.

இன்ஸ்டாகிராமில் இவற்றைப் பார்த்த வெளிமாநிலத்துக்காரர் ஒருவர் 78 அசல் ஓவியங்களுக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் தருகிறேன் என்கிறார். ஒப்பந்தத்தில் ஓவியங்களோடு "அவற்றின் மீதான அனைத்து உரிமைகளும், உலகம் முழுவதற்கும், காலவரையின்றி, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களுக்கும்" அவருக்கே என்று இருக்கிறது. ஓவியரின் பெயரைப் போட வேண்டியதில்லை. யாராவது வழக்குப் போட்டால் ஓவியரே பொறுப்பு. இது போக, நான்கு கார்டுகளை அவர் சொல்கிறபடி மாற்றி வரைந்து, எல்லாக் கார்டுக்கும் பொதுவான பின்பக்க ஓவியம் ஒன்றையும் புதிதாக வரைந்து தர வேண்டும். பத்து நாளில் கையெழுத்து வேண்டுமாம்.

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் இவருடைய சம்பளம் மட்டும்தான். கணவர் "கையெழுத்தைப் போட்டு விடு" என்கிறார். அம்மாவோ கார்டுகளில் ஒன்றான சாத்தான் படத்தை வீட்டில் வைத்திருப்பதே கடலுக்குப் போகிறவனுக்கு ஆகாது, முதலில் வெளியே போகட்டும் என்கிறார். "படத்தை விற்றால் எல்லாமே போய்விடும் என்பது தெரியும், டாரட்டும் நம் சொத்து இல்லை, நான் காப்புரிமையும் பதியவில்லை, அதனால் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் மனசு கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஒன்று, கையெழுத்துப் போடாதீர்கள். வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்தத் தாளில் போடாதீர்கள். பத்து நாள் கெடு அவர் வைத்தது, சட்டம் வைத்தது இல்லை. "வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு வரி மெசேஜ் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் "தெரியும்" என்று எழுதிய மூன்றுமே தவறு. தவறு என்பதுதான் உங்களுக்கு நல்ல செய்தி.

படத்தை விற்றால் எல்லாம் போய்விடாது. நம் பக்கத்தில் பனை வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். மரத்தை விற்பது வேறு, பதநீர் இறக்கக் குத்தகைக்கு விடுவது வேறு. குத்தகைக்கு எடுத்தவருக்கு மரம் சொந்தமில்லை, அதுவும் அந்தப் பருவத்துக்கு மட்டும்தான். ஓவியத்திலும் அப்படித்தான். தாளும் வண்ணமுமாகக் கையில் இருக்கிற அசல் ஒரு சொத்து. அதைப் பெருக்கும் உரிமை, அதாவது அச்சடிக்க, பையிலும் சட்டையிலும் போட, செயலியில் காட்ட, மாற்றி வரைய உள்ள உரிமை, முற்றிலும் வேறொரு சொத்து. இதைத்தான் பதிப்புரிமை என்கிறோம். (காப்புரிமை என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சில் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் அந்தச் சொல்லைக் கண்டுபிடிப்புகளுக்கான உரிமைக்கும் பயன்படுத்துவதால் எழுத்தில் குழப்பம் வரும், பதிப்புரிமை என்றே எழுதிப் பழகுங்கள்.) அசலை விற்று, பணம் வாங்கி, கூரியரில் அனுப்பிய பிறகும் பதிப்புரிமை உங்களிடமேதான் இருக்கும். அதைக் கொடுக்க வேண்டுமென்றால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு, தனியாகக் கொடுத்தாக வேண்டும். பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 19 இதைச் சொல்கிறது. அந்தத் தாள் உங்களிடம் கேட்பது அந்தக் கையெழுத்தைத்தான்.

பதியாததால் உரிமை இல்லை என்பதும் சரியில்லை. நீங்கள் வரைந்து முடித்த நிமிடத்திலேயே உரிமை வந்துவிடுகிறது, உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டும் அது இருக்கும். பதிவு என்பது நாளைக்கு நீதிமன்றத்தில் காட்ட ஒரு சான்று, அவ்வளவுதான். ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய், பொருள்களில் போட்டு விற்கக்கூடிய ஓவியம் என்றால் 2,000. எல்லாவற்றையும் பதிய வேண்டாம், முக்கியமான நான்கைந்தைப் பதிந்தால் போதும். மற்றவற்றுக்கு உங்கள் பென்சில் ஓவியங்கள், தேதியோடு இருக்கும் செல்போன் படங்கள், இன்ஸ்டாகிராம் பதிவுகள், எதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

டாரட்டே நம்முடையது இல்லையே என்ற தயக்கத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகத் தொடங்கியது. பணக்காரக் குடும்பங்கள் ஓவியர்களை வைத்துத் தங்கத்தகடு ஒட்டிக் கையால் வரைந்து வைத்துக்கொண்ட சீட்டுகள் அவை. மிலான் பிரபுக்களுக்காக வரைந்தவை இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. குறி பார்க்கப் பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டில், பிரான்சில். ஆக 78 கார்டு, 22 பெரிய கார்டுகளின் பெயர், நான்கு வகைச் சின்னம் என்ற அமைப்பு இன்றைக்கு யாருடைய சொத்தும் இல்லை. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை ஒருவர் வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1978ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிலா என்ற கார்டு எல்லோருக்கும் பொது. நிலா வெளிச்சத்தில் கடல்புல் மேயும் ஆவுளியா உங்களுடையது.

நீங்கள் பார்த்துக் கற்ற 1909ஆம் ஆண்டுப் படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். லண்டன் பதிப்பாளருக்காக 78 படங்களையும் சில மாதங்களில் வரைந்து கொடுத்தார். பெரிய வேலை, ரொம்பக் குறைந்த காசு என்று அந்த ஆண்டே ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நூறாண்டுக்கும் மேலாக உலகம் முழுக்க அச்சாகிக்கொண்டே இருக்கும் அந்தக் கட்டு, பதிப்பாளரின் பெயரையும் கட்டைத் திட்டமிட்ட எழுத்தாளரின் பெயரையும் சேர்த்து அழைக்கப்பட்டது. வரைந்தவரின் பெயர் அதில் இல்லை, கார்டின் ஓரத்தில் பாம்பு போல வளைந்த சின்ன முத்திரை மட்டும் இருந்தது. 1951ல் கடனோடு இறந்தார். இறந்து 60 ஆண்டு கணக்கில் இந்தியாவில் 2011 முடிவோடு அவருடைய பதிப்புரிமை தீர்ந்துவிட்டது, அதனால் அவருடைய படங்களின் அமைப்பை நீங்கள் பின்பற்றியதில் சட்டச் சிக்கல் ஏதும் இல்லை. ஓவியரின் பெயர் வேண்டியதில்லை என்ற வரியை உங்கள் ஒப்பந்தத்தில் பார்த்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

ஆனால் மூன்று கார்டுகளை "இணையத்தில் பார்த்த ஒரு புதுக் கட்டிலிருந்து கொஞ்சம் எடுத்தேன்" என்று ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. அந்த மூன்றையும் திரும்ப வரையுங்கள். அந்த ஓவியர் உயிரோடு இருப்பவராக இருக்கலாம், அவருடைய உரிமையும் உங்களுடையதைப் போன்றதுதான். அதோடு, வழக்கு வந்தால் ஓவியரே பொறுப்பு என்ற வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த மூன்றையும் கொடுத்தால் ஒன்றரை லட்சம் வாங்கிய இடத்தில் அதற்கு மேல் கட்ட வேண்டி வரலாம். கட்டுக்குப் பெயர் வைக்கும்போதும் ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் கட்டுகளின் பெயரைச் சேர்க்காதீர்கள், அவை வணிகச்சின்னமாக இருக்கக்கூடும்.

பள்ளி நிர்வாகி "நம்ம ஸ்கூல் டீச்சர் வரைஞ்சது, ஸ்கூலுக்கும் பங்கு உண்டு" என்றாராம். வேலையின் பகுதியாகச் செய்ததில்தான் முதலாளிக்கு உரிமை. இரவில் வீட்டில் உங்கள் தாளில் வரைந்ததற்கு இல்லை. அதோடு அதை விட்டுவிடுங்கள்.

அந்த நான்கு கார்டும் பின்பக்கமும்

ஒப்பந்தத்திலேயே எனக்குக் கவலை தருவது இதுதான், நீங்கள் இதைச் சின்ன விஷயமாக நினைத்து ஒரு வரியில் கடந்திருக்கிறீர்கள். நீங்களாக வரைந்து வைத்திருந்ததை ஒருவர் வாங்குவதற்கும், ஒருவர் கேட்டு, விலை பேசி, அவருக்காக நீங்கள் வரைவதற்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. பிரிவு 17ன்படி, பணத்துக்காக ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் வரையும் ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் கேட்டவர்தான், வரைந்தவர் இல்லை. இதற்கு நீங்கள் எழுதிக் கொடுக்கவே வேண்டாம், சும்மா இருந்தாலே போதும், உரிமை அந்தப் பக்கம் போய்விடும்.

பின்பக்க ஓவியம் 78 கார்டுக்கும் ஒன்றுதான். அது அவருடையதாகிவிட்டால் நாளைக்கு நீங்களே இந்தக் கட்டை அச்சடிக்க நினைத்தாலும் அந்தப் பின்பக்கத்தோடு அச்சடிக்க முடியாது. அதனால், இவற்றுக்கான பேச்சில் "வரைந்து தரும் புதிய ஓவியங்களின் பதிப்புரிமையும் ஓவியருக்கே" என்ற வரி கட்டாயம் வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசி முடிக்காதீர்கள். அந்த வரியில் அவர் கையெழுத்துப் போடும் வரைக்கும் பின்பக்கத்துக்குத் தூரிகையையே எடுக்காதீர்கள்.

கணக்கும் வழிகளும்

1,50,000ஐ 78ஆல் வகுத்தால் ஒரு கார்டுக்கு 1,923 ரூபாய். இதில் அசலும் அடக்கம், உலகம் முழுக்க என்றைக்கும் அச்சடிக்கும் உரிமையும் அடக்கம், நான்கு கார்டைத் திரும்ப வரைகிற கூலியும் பின்பக்கமும்கூட அடக்கம். தடைக்காலத்தில் ஒன்றரை லட்சம் சின்னத் தொகை இல்லை என்று எனக்குத் தெரியும், உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவரிடம் சண்டை போடாதீர்கள். அந்தத் தொகை அசல்களுக்கு மட்டும் என்றால் நானும் யோசிக்கலாம் என்பேன்.

என் விருப்பம் இதுதான். அசல்களை விற்றுவிடுங்கள், பதிப்புரிமையை வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு அச்சடிக்க ஆசை இருந்தால் உரிமம் கொடுங்கள், அதாவது குத்தகை. மூன்று வருடத்துக்கு, இந்தியாவுக்குள், கார்டுக்கட்டாக அச்சடிக்க மட்டும், முதலில் 500 கட்டு என்ற மாதிரி. ஒவ்வொரு கட்டுக்கும் உங்களுக்கு இவ்வளவு என்று ராயல்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, பெட்டியிலும் உள்ளே வைக்கும் சிறு நூலிலும் உங்கள் பெயர். சட்டை, பை, செயலி எதுவானாலும் தனியாகப் பேச வேண்டும்.

அவர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இந்த ஆபத்து நிஜமானது. முழு உரிமையும் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று நின்றால், உங்களுக்கும் பணம் கட்டாயம் தேவை என்றால், காலத்தை ஐந்து வருடம் என்று குறையுங்கள், ராயல்டியை விடாதீர்கள், "இனி வரப்போகும் எல்லா ஊடகங்களும்" என்பதை அடியுங்கள். ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியா என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். ஆனால் உங்கள் தாளில் காலவரையின்றி, உலகம் முழுவதற்கும் என்று எழுதியிருப்பதால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. எழுதாமல் விட்டதைத்தான் சட்டம் நிரப்பும், எழுதிக் கொடுத்ததை அழிக்காது.

ஓவியரின் பெயர் வேண்டியதில்லை என்ற வரியை எந்த விலைக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இது நான் வரைந்தது என்று சொல்லும் உரிமையும், என் மதிப்பு கெடும்படி அதைச் சிதைக்காதே என்று தடுக்கும் உரிமையும் பதிப்புரிமையை விற்ற பிறகும் ஓவியருக்கு உண்டு, பிரிவு 57. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை அரசு கழற்றிக் கிடங்கில் போட்டுச் சேதப்படுத்தியபோது அவர் இந்தப் பிரிவை வைத்துத்தான் போராடினார். சிற்பத்தின் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் 2005ல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டம் தந்திருக்கும்போது நாமே எதற்காக எழுதிக் கொடுத்து இழக்க வேண்டும்?

மறுவிற்பனையில் பங்கு என்று எங்கோ படித்ததாகக் கேட்டிருந்தீர்கள். உண்டு. அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுபடி விற்கப்பட்டால் அதிகபட்சம் 10 சதவீதம் வரை ஓவியருக்குப் பங்கு கேட்க வழியிருக்கிறது. யார் யாருக்கு என்ன விலைக்கு விற்றார்கள் என்று நமக்குத் தெரிய வராதே, அதனால் அதை நம்பி இப்போது விலையைக் குறைக்காதீர்கள்.

எந்த வழியில் போனாலும், அசல்கள் வீட்டை விட்டுப் போகும் முன் 78ஐயும் நல்ல ஸ்கேனரில் 600 டிபிஐயில் எடுத்து இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். உரிமை உங்களிடம், படம் அவரிடம் என்று ஆகிவிட்டால் அந்த உரிமையை வைத்து நீங்கள் எதை அச்சடிப்பீர்கள்? பணம் முழுக்க வங்கிக் கணக்கில் ஏறும் முன் பெரிய அளவு ஸ்கேன் யாருக்கும் போகக் கூடாது. ஜிஎஸ்டி பற்றி இரண்டு வரி: கையால் வரைந்த ஓவியம் கைவினைப் பொருள் பட்டியலில் வருவதால், ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டாதவரை வெளிமாநிலத்துக்கு விற்கப் பதிவு கட்டாயமில்லை, பான் எண் வேண்டும். அச்சடித்த கட்டுக்கு இந்தச் சலுகை பொருந்தாது, அந்த நேரம் வரும்போது ஆடிட்டரைப் பாருங்கள்.

பெட்டியில் ஒட்டிய கடல் விசிறி

நீங்கள் என்னிடம் கேட்காமலே விட்ட விஷயம் இது. பதினொரு போட்டோவில் கடைசியில் கார்டு வைக்கும் மரப்பெட்டி இருக்கிறது. மூடியில் கடல் விசிறியும் (விசிறி போல விரியும் பவள வகை) பவளத் துண்டுகளும் ஒட்டி அழகாகச் செய்திருக்கிறீர்கள். "எல்லாம் கரையில் ஒதுங்கியது, காசு கொடுத்து வாங்கவில்லை" என்று அடியில் பெருமையாக எழுதியும் இருக்கிறீர்கள்.

சகோதரி, அந்தப் பெட்டியை விற்கவே கூடாது. கடல் விசிறி, பவளப்பாறை, கடல் குதிரை, கடல் அட்டை, அப்புறம் சில சங்கு சிப்பி வகைகளும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972ன் பட்டியலில் இருக்கின்றன. கடல் விசிறியும் பவளமும் புலி, யானைக்குச் சமமான முதல் பட்டியல். செத்து ஒதுங்கியது என்பது சாக்காகாது. பாதுகாக்கப்பட்ட உயிரினம் இறந்து கிடந்தாலும் அது அரசின் சொத்து என்கிறது பிரிவு 39. முதல் பட்டியல் உயிரினத்தை வைத்து வியாபாரம் செய்தால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு வரை சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ராமேஸ்வரம் கடைகளில் விற்கிறார்களே என்பீர்கள். விற்கலாம் என்று அனுமதி உள்ள சிப்பி வகைகளும் உண்டு, ஒளித்து விற்கிறவையும் உண்டு, கடையில் இருப்பதெல்லாம் சட்டப்படி சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. நாம் இருப்பது மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் வாசலில், 21 தீவும் அதற்குள் வருகிறது. கூரியர் பையில் இந்தப் பெட்டி பிடிபட்டால் உங்கள் 78 ஓவியமும் வழக்குப் பொருளாகச் சேர்ந்து போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தப் போட்டோவை விற்பனைப் பதிவிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். ஒட்டியவற்றைத் திரும்பக் கடலில் வீசவோ யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம். மண்டபம் வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைப்பதுதான் முறை, தனியாகப் போகாமல் ஒரு வழக்கறிஞரோடு போங்கள். பெட்டிக்கு நம் ஊர்ப் பனையோலைக் கொட்டான் இருக்கிறதே, சாயமேற்றிய ஓலையில் கார்டு அளவுக்கு மூடியோடு முடைந்து கேளுங்கள். தண்ணீரில் கரைத்துத் தீட்டும் கௌவாஷ் வண்ணம் ஈரக்காற்றில் ஒட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்கே தெரியும், கார்டுகளுக்கு நடுவில் பட்டர் பேப்பர் மட்டும் வைத்துவிடுங்கள்.

கார்டில் இருக்கும் நிஜ முகங்கள்

வலிமை கார்டில் இருப்பது உங்கள் தெருவில் இருக்கும் அக்காதான் என்று எழுதியிருக்கிறீர்கள். போட்டோவில் பார்த்தேன், கையில் துணி சுற்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நிற்கிறார். உங்கள் கட்டிலேயே சிறந்த ஓவியம் அது. அவரிடம் காட்டிவிட்டீர்களா? இன்னும் இல்லை என்றால் இன்றைக்கே காட்டி, இது விற்பனைக்குப் போகிறது, அச்சாகலாம் என்று சொல்லி, சம்மதம் என்று எழுதி ஒரு கையெழுத்து வாங்குங்கள். ராயல்டி வந்தால் அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள், சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, நான் சொல்கிறேன்.

சாத்தான் கார்டு விஷயம் வேறு. அதற்கு ஊரில் வட்டிக்குக் கொடுக்கும் ஒருவரின் முகத்தை வைத்ததாகவும் "பார்த்தவுடன் எல்லோருக்கும் தெரியும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் புரிகிறது, என்ன காரணம் என்றும் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் அவதூறு பேச்சாலும் எழுத்தாலும் மட்டும் நடப்பது இல்லை, கண்ணால் காணும் சித்திரத்தாலும் நடக்கலாம் என்று குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356 சொல்கிறது. அவர் வழக்குப் போட்டால் நீங்கள் ராமநாதபுரத்துக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டும். முகத்தை மாற்றுங்கள். கந்துவட்டிக் கொடுமைக்குத் தமிழ்நாட்டில் 2003லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, அதற்குத் தனியாக எழுதுங்கள், தனியாகப் பதில் சொல்கிறேன்.

அம்மாவின் பயத்தைப் பற்றி. டாரட் கார்டு வரைவதையும் விற்பதையும் தடை செய்யும் சட்டம் இல்லை. சபையில் யாராவது மத உணர்வைப் புண்படுத்தியதாகப் புகார் கொடுத்துவிடுவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் குற்றத்துக்கு வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு இழிவுபடுத்தியிருக்க வேண்டும், நான் பார்த்த எந்தப் படத்திலும் அது இல்லை. அம்மாவுக்குச் சட்டத்தைச் சொல்லிப் பயனில்லை. ஆரம்பத்தில் இது சீட்டுக்கட்டுதான் என்ற கதையைச் சொல்லுங்கள், அப்புறம் தனுஷ்கோடிக் கார்டைக் கையில் கொடுங்கள். சாத்தான் கார்டை விற்கும் வரை பள்ளிக்கூட அலமாரியில் வைத்தாலும் குறைந்துவிடாது, கடலுக்கு ஆள் அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நிம்மதியைக் கொடுக்கலாம்.

கூடவே வைக்கும் சிறு நூலில், நட்சத்திரக் கார்டைத் தலைமாட்டில் வைத்தால் நாள்பட்ட தலைவலி தீரும் என்று எழுதியிருப்பதை எடுத்துவிடுங்கள். மாயத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது.

கட்டணம் கொடுத்து வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்று எழுதியிருந்தீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவசச் சட்ட உதவி உண்டு. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். ஒப்பந்த நகலையும் இந்தப் பதிலையும் கொண்டுபோங்கள். பெட்டி விஷயத்தை முதலில் பேசுங்கள்.

கடைசியாக, தனுஷ்கோடிக் கார்டு. "அதை மட்டும் கொடுக்க மனமில்லை, ஆனால் 78ல் ஒன்று குறைந்தால் கட்டே இல்லையே, விற்றுவிட்டு எனக்காக இன்னொன்று வரைந்துகொள்ளலாமா" என்று கேட்டிருந்தீர்கள். அவர் அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட்டால் முடியாது. பதிப்புரிமையைக் கொடுத்துவிட்ட ஓவியர் தன்னுடைய பழைய பென்சில் ஓவியங்களைப் பயன்படுத்தலாம், ஆனால் அந்த ஓவியத்தின் முக்கிய அமைப்பைத் திரும்ப வரையக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. உங்கள் அப்பத்தாவின் தேவாலயச் சுவரை உங்கள் கையால் மறுபடி வரைய இன்னொருவரின் அனுமதி தேவைப்படும். பதிப்புரிமையை வைத்துக்கொண்டால் அந்தத் தடை இல்லை. அதனால் இப்போதே இரண்டாவதை வரையுங்கள். தடைக்காலம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. முதலில் வரைந்தது உங்கள் வீட்டில் இருக்கட்டும், புதிதாக வரைந்தது கட்டோடு போகட்டும், அது இரண்டாவதாக வரைந்தது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக அவருக்குச் சொல்லிவிடுங்கள்.